மேய்ச்சல் நிலத்தில் கேரட் இலை மாதிரி ஒரு களை, இது பார்த்தீனியமா?

கேள்வி:
மழைக்கு அப்புறம் மேய்ச்சல் நிலத்தில் திட்டுத் திட்டாக ஒரு செடி முளைத்து, இப்போது புல்லையே தேட வேண்டியிருக்கிறது. சின்னதில் இலைகள் தரையோடு படிந்து வட்டமாக விரிகின்றன, கேரட் இலை மாதிரி பிளவு பிளவாக. வளர்ந்தவை இடுப்பு உயரம், நுனியெல்லாம் குட்டி வெள்ளைப் பூ. மாடுகள் மோந்துவிட்டு விலகுகின்றன. பிடுங்கினால் கை அரிக்கிறது. உப்புக் கரைசல் அடிக்கலாமா?

பதில் 1:
பார்த்தீனியம்தான். தண்டைப் பாருங்கள், நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளமும் மெல்லிய ரோமமும் இருக்கும். பூவை உற்றுப் பார்த்தால் ஐந்து மூலை தெரியும். அரிப்புக்குக் காரணம் அதிலுள்ள பார்த்தெனின் என்ற நச்சு, சிலருக்கு மூச்சுத் திணறலே வரும், அதனால் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடாதீர்கள். வேறு தீவனம் இல்லாமல் மாடு இதைத் தின்றால் பாலும் கசக்கும்.

பதில் 2:
உப்பு வேண்டவே வேண்டாம். செடி கருகும், ஆனால் மண்ணில் உப்பு ஏறினால் நாளைக்குப் புல் எங்கே வரும்? கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் புல்லைச் சேர்த்தே கொன்றுவிடும். 2,4-டி என்ற களைக்கொல்லி புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களையைத் தாக்கும், அதுவும் இளஞ்செடியில்தான் நன்றாக வேலை செய்யும். அடித்த பிறகு எத்தனை நாள் மாடு விடக்கூடாது என்று டப்பாவில் போட்டிருப்பதைத் தயவுசெய்து படியுங்கள்.

பதில் 3:
மருந்தை விட நேரம் முக்கியம். முளைத்து நான்கு முதல் ஆறு வாரத்தில் பூத்துவிடும், நன்றாக வளர்ந்த ஒரே செடி 10,000 விதைக்கு மேல் கொட்டும், மண்ணுக்குள் புதைந்த விதை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நானும் முதல் வருடம் பூத்த பிறகு வெட்டினேன், அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்தது, விதையும் நிலம் முழுக்கப் பரவியது. ஈர மண்ணில், பூக்கும் முன், வேரோடு பிடுங்க வேண்டும். அப்புறம் ஒன்று, இது வெற்று மண்ணில்தான் ஆட்டம் போடும், அடர்ந்த புல்லோடு மல்லுக்கட்ட அதற்குத் தெம்பு கிடையாது. மாடுகளைக் குறைத்து, நிலத்தைப் பகுதி பகுதியாக ஓய்வில் விட்ட பிறகுதான் எனக்குக் கட்டுப்பட்டது.

கேட்டவர்:
மிக்க நன்றி. உப்பை விட்டுவிடுகிறேன். ஏற்கெனவே பூத்ததை என்ன செய்வது?

பதில் 3:
நிலத்தின் குறுக்கே இழுத்துப் போகாதீர்கள். நின்ற இடத்திலேயே பைக்குள் போட்டுக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். உரக்குழியில் மட்டும் போட வேண்டாம், விதை உரத்தோடு திரும்பி வந்துவிடும்.