-ஓ2 போட்டால் மட்டும் செக்சம் தப்பாக வருகிறது, ஏன்?

கேள்வி:
ஜிசிசி கம்பைலரில் -ஓ0 (ஆப்டிமைசேஷன் இல்லாமல்) வைத்தால் சரி. -ஓ2 (வேகத்துக்காக ஆப்டிமைசேஷன்) போட்டால் செக்சம் (தரவைக் கூட்டிப் பெறும் சரிபார்ப்பு எண்) தப்பு. லோக்கல் ஸ்ட்ரக்ட் ஒன்றின் 32 பிட் ஃபீல்டுகளை நிரப்பிவிட்டு, உடனே அதன் முகவரியை 16 பிட் அன்சைன்டு பாயின்டராக காஸ்ட் செய்து கூட்டுகிறேன். நடுவே அந்த முகவரியை பிரின்ட்எஃப்பில் அச்சிட்டால் விடை சரியாகிவிடுகிறது. கம்பைலர் பக்கா?

பதில் 1:
கம்பைலர் பக் இல்லை. 32 பிட் டைப்பாக எழுதியதை 16 பிட் டைப்பாகப் படிப்பதை சி தரம் அனுமதிப்பதில்லை. ஆகவே இரண்டும் வேறுவேறு இடம் என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. அந்த ஸ்ட்ரக்டை வேறு யாரும் படிக்கவில்லை என்றால், நீங்கள் எழுதியதையே வீண் என்று நீக்கிவிடலாம். கூட்டுவது ஸ்டாக்கில் கிடந்த குப்பையை. பிரின்ட்எஃப்புக்கு முகவரி போனதும், வெளி ஃபங்ஷன் படிக்கக்கூடும் என்பதால் அழைப்புக்கு முன்பே எழுதியாக வேண்டும். அதனால்தான் அங்கே தப்பித்தது.

-ஓ2, -ஓ3, -ஓஎஸ் மூன்றிலும் -எஃப்ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங் (மேலே சொன்ன அனுமானத்தை இயக்கும் ஃபிளாக்) தானாக வரும். -ஓ2 உடன், அதை அணைக்கும் -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங் சேர்த்துப் பாருங்கள். விடை சரியானால் காஸ்ட் மேல் சந்தேகம் வலுக்கும்.

நிரந்தரத் தீர்வு: லூப்பில் 2 பைட்டை மெம்காப்பியால் (பைட்டுகளை நகலெடுக்கும் சி ஃபங்ஷன்) ஒரு 16 பிட் லோக்கல் மாறிக்குள் எடுத்துக் கூட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஒவ்வொரு சுற்றிலும் மெம்காப்பி அழைத்தால் மெதுவாகாதா? வொலட்டைல் (இந்த மாறியை அணுகுவதை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்வது) போட்டால் போதாதா?

பதில் 1:
ஆகாது. அளவு மாறிலியாக இருந்தால் -ஓ2-வில் அழைப்பே இருக்காது, ஒரு லோடு மட்டும்தான். -எஸ் கொடுத்து அசெம்ப்ளியில் பாருங்கள். அலைன்மென்ட் (முகவரி டைப்புக்குப் பொருந்தி இருக்க வேண்டும் என்ற) தொல்லையும் தீரும். வொலட்டைல் வேண்டாம், அறிகுறி மறையலாம், விதிமீறல் அப்படியே இருக்கும்.

பதில் 2:
யூனியனும் (பல டைப்புகள் ஒரே இடத்தைப் பகிரும் அமைப்பு) சி-யில் செல்லும், சி++-இல் செல்லாது. ஆனால் யூனியன் வழியாகவே படிக்க வேண்டும். உறுப்புகளின் முகவரிகளைத் தனித்தனி பாயின்டராக எடுத்து வேறு ஃபங்ஷனுக்கு அனுப்பினால் பழைய கதைதான். அன்சைன்டு கேர் பாயின்டரால் எதையும் படிக்கலாம். அந்தப் பைட்டுகளை ஷிஃப்ட் செய்து சேர்த்தால் எண்டியன் (பைட் வரிசை) சிக்கலும் இல்லை.

-வால் தரும் எச்சரிக்கையை மட்டும் நம்பாதீர்கள். அது ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங் எச்சரிக்கையின் 3-ஆம் நிலை. பாயின்டர் இன்னொரு ஃபங்ஷனுக்குள் போய்விட்டால் பெரும்பாலும் வாய் திறக்காது. யூபிசானும் (ஓடும்போது விதிமீறலைத் தேடும் கருவி) இதைப் பிடிக்காது. கிளாங் கம்பைலர் 20 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் -எஃப்சானிடைஸ்=டைப் போட்டு ஓட்டுங்கள்.

பதில் 3:
காஸ்ட் மலிந்த பழைய கோடாக இருந்தால் -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங்கை மேக்ஃபைலிலேயே நிரந்தரமாக வையுங்கள். லினக்ஸ் கெர்னலே அப்படித்தான் கம்பைல் ஆகிறது. ஒன்று கவனம்: ரெஸ்ட்ரிக்ட் (வேறு பாயின்டர் இதே இடத்தைத் தொடாது என்ற வாக்குறுதி) போட்ட பாயின்டர்களை இந்த ஃபிளாக் காப்பாற்றாது. அவை ஒரே இடத்தைச் சுட்டினால் விடை அப்போதும் தவறலாம்.