1937 வாக்காளர் பட்டியல் எங்கே கிடைக்கும்?

என் கொள்ளுப்பாட்டி, கும்பகோணம் பக்கம், 1937 மாகாணத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர் என்று வீட்டில் சொல்வார்கள். ஆதாரம் தேடுகிறேன். சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது, ஆனால் சொத்தோ வரியோ அவர்கள் பேரில் இருக்கணும், நிலமெல்லாம் ஆண்கள் பேரில்தானே, எங்கள் வீட்டிலும் தாத்தா பேரில்தான். 1935 இந்திய அரசுச் சட்டம்தான் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களையும், சொத்துத் தகுதியுள்ளவர்களின் மனைவியரையும் சேர்த்தது. பாட்டி ஒரு பத்திரத்தில் சாட்சியாகக் கோணல் எழுத்தில் கையெழுத்தே போட்டிருக்கிறார்!

தாலுகா அலுவலகத்தில் கேட்டாச்சு, அவ்வளவு பழசு இல்லையாம். இணையத்தில் பழைய அரசிதழ்களும் புரட்டினேன், வேட்பாளர் பெயர்கள்தான் வருகின்றன. அப்புறம் ஊர்ப் பெரியவர்களிடமும் விசாரித்தேன்.

தஞ்சாவூர் மாவட்டத்தின் 1937 வாக்காளர் பட்டியலை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா, எங்கே?