அப்பத்தா எண்பது: சனிக்கிழமை இரவு என்ன படம்?

பாம்பன் சித்தப்பா: அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் விழாவுக்கு முந்தின இரவு மொட்டை மாடியில் திரை கட்டிவிடலாம். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில்தான். என்ன படம் போடுவது?

மதுரை அண்ணன்: கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்

தங்கச்சிமடம் பெரிய அத்தை: அதுவும் ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட நாவலை ஒட்டி எடுத்ததுதான். ஆனால் நம் வீட்டுக்கு செம்மீன்தான். தகழியின் நாவல் 1956, ராமு காரியாட்டின் படம் 1965. சுந்தர ராமசாமி தமிழாக்கத்தை மூன்று முறை படித்துவிட்டேன். கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் வேறு வேறு மதம், அவளைப் பழனிக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். அவள் அப்பன் வள்ளமும் வலையும் வாங்கப் பரீக்குட்டியிடம் பணம் வாங்குவான், திருப்பியே தர மாட்டான்.

மண்டபம் மாமா: படகுக் கடனா

மண்டபம் அத்தை: அந்தப் பேச்சு இப்போது எதற்கு

பாம்பன் சித்தப்பா: தைக்குள் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் மாப்பிள்ளை

தொண்டி அக்கா: நாற்காலி 40 போதுமா?

மதுரை அண்ணன்: அப்பத்தாவுக்கு மலையாளம் புரியுமா

பெரிய அத்தை: பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்கிறேன்

மண்டபம் அத்தை: செம்மீன் வேண்டாம் அக்கா. பெண்டாட்டி கற்போடு இருந்தால்தான் புருஷன் கரை திரும்புவான் என்கிற கதை. அப்பா திரும்பாதபோது அம்மாவை ஊர் பேசியது போதும்.

தொண்டி அக்கா: ஆமாம் அத்தை

பெரிய அத்தை: தங்கச்சி, நீ அப்போது கைக்குழந்தை. நான் பார்த்தேன். மூன்று நாள் அம்மா அப்பாவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுக்கக்கூட ஒருத்தி வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன். கறுத்தம்மாவைப் பற்றி ஊர் பேசியதால் பழனியை யாரும் கூடச் சேர்க்கவில்லை. தனியாகக் கடலுக்குப் போனான், சுறா இழுத்துக்கொண்டு போய்ச் சுழியில் விட்டது. அவனைக் கொன்றது அந்தக் கரையின் வாய். அம்மாவுக்கு இதை ஒருவரும் சொன்னதில்லை.

மண்டபம் மாமா: நல்ல நாளில் அழ வேண்டாமே

மதுரை அண்ணன்: தில்லானா மோகனாம்பாள்?

பெரிய அத்தை: அதுவும் விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்தான். படம் 1968. சிவாஜிக்காக நாயனம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி. அம்மாவுக்கு நாயனம் பிடிக்கும், சரி.

பாம்பன் சித்தப்பா: கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஓடும். இரண்டையும் பென்டிரைவில் ஏற்றி வா தம்பி. அம்மாவிடம் நான் கேட்கிறேன்.

மண்டபம் அத்தை: நீங்கள் வேண்டாம் அண்ணே. அக்கா கேட்கட்டும்.

பெரிய அத்தை: நீயும் கூட வா

தொண்டி அக்கா: நாற்காலி 40 போதுமா என்று கேட்டேனே