எங்கேயோ பார்த்த முகம்: டெல்லி கணேஷ் பற்றி நம் அனுபவங்கள்

சின்ன வயதில் தூத்துக்குடியில் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம், பஸ் வல்லநாட்டை நெருங்கியதும் அப்பா என்னைத் தட்டி எழுப்பிவிடுவார். "ஏல, முழிச்சுக்கோ. இதாம்ல டெல்லி கணேசு ஊரு." ஒவ்வொரு முறையும் இதே வார்த்தைதான். ஜன்னலுக்கு வெளியே வல்லநாட்டு மலை தெரியும். அந்த மலையில் வெளிமான்கள் இருக்கின்றன என்பார்கள். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஊரைத் தாண்டும்போது தூக்கம் கலைவது மட்டும் பழக்கமாகிவிட்டது.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். சினிமா பைத்தியம் எல்லாம் கிடையாது. தாமிரபரணித் தண்ணி குடித்த ஒரு மனிதர் டெல்லி என்று பேரை வைத்துக்கொண்டு திரையில் வருகிறார் என்பதில் அவருக்கு ஒரு பெருமை, அவ்வளவுதான்.

1990 தீபாவளிக்கு 'மைக்கேல் மதன காமராஜன்' வந்தபோது வீட்டில் எல்லோரையும் அழைத்துப் போனார். தியேட்டரே கமலைப் பார்த்துக் குலுங்கிக் கொண்டிருக்கிறது. அப்பா, டெல்லி கணேஷ் நடித்த சமையல்காரர் பாலக்காட்டு மணி ஐயரைப் பார்த்துச் சிரிக்கிறார். கல்யாண சாம்பாரில் மீன் கிடக்கும் காட்சியில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அப்பா அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

டெல்லி கணேஷை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. 2003 என்று நினைவு. எழும்பூர் ஸ்டேஷன், நெல்லை எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்துக்கு வரும் நேரம். சிமென்ட் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, மடியில் மடித்த பேப்பர். கூட்டம் எதுவும் கூடவில்லை. கடந்து போகிறவர்கள் ஒரு நொடி நின்று, தெரிந்தவரைப் பார்த்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவரும் தலையாட்டினார். நானும் பத்தடி தள்ளி நின்றேனே தவிர, கிட்டப் போகத் தைரியம் வரவில்லை.

அப்போது ஓர் ஆச்சி வந்தார்கள். கையில் கட்டைப்பை, பாம்படம் போட்டுத் தொங்கிப்போன காது. நேராக அவர் எதிரே போய் நின்று முகத்தை உற்றுப் பார்த்தார்கள். "நீங்க நம்ம சங்கரன்கோவில் கல்யாணத்துக்கு வந்திருந்தீகள்லா?" என்று கேட்டார்கள். நடிகர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எங்கேயோ நன்றாகப் பழகிய முகம், ஆனால் எந்த வீட்டு ஆள் என்று பிடிபடவில்லை. அவர் எழுந்து நின்று கை குவித்தார். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். ஆச்சி உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். வண்டி வந்து எல்லோரும் ஓடிய பிறகும், அந்த ஆச்சியின் பையை அவர் கையில் பார்த்தேன்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. 2024 நவம்பர் 9 இரவு, ராமாபுரம் வீட்டில் டெல்லி கணேஷ் காலமானார் என்ற செய்தி மறுநாள் காலை வந்தபோது, அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது.

உங்களுக்கும் ஏதாவது இருக்கும். நேரில் பார்த்ததுதான் என்றில்லை, திரையில் பார்த்து மனதில் நின்றதையும் எழுதுங்கள்.

*

அண்ணா, உங்கள் அப்பா சிரித்த அதே படத்துக்கு எங்கள் தாத்தா சிரிக்கவே இல்லை. காரணம் சொல்கிறேன்.

நாங்கள் கோயம்புத்தூர். தாத்தா பாலக்காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இங்கே கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுத்தவர். நாற்பது வருஷம் கோட்டை அடுப்பு முன்னால் நின்றவர். டிவியில் அந்தப் படம் போட்டபோது நாங்கள் எல்லாம் உருண்டு புரள்கிறோம். தாத்தா மட்டும் முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "இவர் நம்மூர்க்காரரா?" என்று கேட்டார். இல்லை தாத்தா, திருநெல்வேலிப் பக்கம் என்றேன். நம்பவில்லை.

பாலக்காட்டுத் தமிழை நடிக்கிறவர்கள் பெரும்பாலும் இழுவையைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசி எழுத்தை நீட்டினால் போதும், சிரிப்பு வந்துவிடும். டெல்லி கணேஷ் அப்படிச் செய்யவில்லை. வாக்கியத்தின் நடுவில் எங்கே ஏறணுமோ அங்கே ஏறி, எங்கே இறங்கணுமோ அங்கே இறங்கினார். தாத்தாவுக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேறு ஒன்று. சமையல் தலைவர் என்றால் பந்தியில் ஒரு குறை வந்தாலும் அது அவர் தலையில்தான் விழும். நாங்கள் சமைக்கிற இடங்களில் சாமிக்கு நைவேத்தியம் ஆகும் முன்னால் வாயில் வைத்து உப்புப் பார்க்கக் கூடாது. வாசனையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி வளர்ந்த ஒருவருக்கு சாம்பாரில் மீன் என்றால் எப்படி இருக்கும்? அந்தப் பதற்றம் டெல்லி கணேஷ் முகத்தில் நிஜமாக இருந்தது. அதனால்தான் தாத்தாவுக்குச் சிரிக்க வரவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை அவருக்கு.

*

'சிந்து பைரவி' பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். நானே எழுதிவிடுகிறேன்.

நான் மிருதங்கம் கற்றுக்கொண்டவன், மேடை ஏறும் அளவுக்கு வரவில்லை. 1985ல் அந்தப் படம் வந்தபோது எனக்குப் பதினாறு வயது. அதில் அவர் மிருதங்கம் வாசிக்கும் குருமூர்த்தி. குடித்துவிட்டு வந்ததால் பாடகர் ஜே.கே.பி. அவரை மேடையில் வாசிக்க விட மாட்டார். கச்சேரி நாளில் ஒரு வித்வானை வாசிக்காதே என்று சொல்வது எவ்வளவு பெரிய அடி என்று இந்த வாத்தியத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும். அவர் முகம் அப்படியே சுருங்கிப் போகும். கோபம் இல்லை, அவமானம்தான். அதுவும் தப்பு தன்னுடையது என்று தெரிந்த அவமானம்.

பின்னால் அதே ஜே.கே.பி. குடியில் விழுகிறார். அப்போது குருமூர்த்தியை நினைத்துப் பாருங்கள். தன்னைத் தண்டித்த மனிதர் அதே பள்ளத்தில் கிடக்கிறார். எங்கள் வாத்தியார் இந்தப் படத்தை எங்களை உட்காரவைத்துக் காட்டினார். படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல் தா தி தொம் நம் பாடம்.

*

வணக்கம். நான் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே எல்லோரும் டெல்லி டெல்லி என்கிறீர்கள், அந்த டெல்லி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லலாமா?

அவர் 1944ல் பிறந்தவர். 1964 முதல் 1974 வரை பத்து வருஷம் விமானப்படை. நான் சேர்ந்ததே அதற்கு அப்புறம்தான், அதனால் உடன் பணிபுரிந்த பாக்கியம் இல்லை. ஆனால் அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது, இருபது வயதில் ஊரை விட்டுக் கிளம்புகிறோம். வீரர்கள் தங்கும் பேரக்கில் நம் கட்டிலுக்கு வலது பக்கம் பஞ்சாபி, இடது பக்கம் வங்காளி. மெஸ்ஸில் ரொட்டி. லீவு வருஷத்துக்கு ஒரு தடவை. தமிழ் கேட்காதா என்று காது ஏங்கும். அதனால்தான் வடக்கே தமிழ் நாடகம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தலைநகரில் தட்சிண பாரத நாடக சபா என்ற குழு இருந்தது. அவர் அதில் நடித்தார். வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்த்து, லீவு நாளில் மேடை ஏறுவது. பணத்துக்காகச் செய்கிற காரியம் இல்லை அது. ஊரை மறக்காமல் இருக்கச் செய்வது.

படையை விட்டு வந்து சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நாடகம். அப்புறம் விசுவின் 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை கே. பாலசந்தர் படமாக எடுத்தபோது சினிமா. 1977ல் அது வந்தபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. டெல்லி என்ற முன்பெயரை வைத்ததும் பாலசந்தர்தான். ஒன்றைக் கவனியுங்கள், நடுவில் வந்து சேர்ந்தவர் அவர். இருபது வயதில் அரிதாரம் பூசியவருக்கு உலகம் கொஞ்சம்தான் தெரிந்திருக்கும். இவர் பத்து வருஷம் இந்தியா முழுவதும் இருந்து வந்த மனிதர்களோடு ஒரே கூரையின் கீழ் தூங்கியவர். 'நாயகன்' படத்தில் ஹிந்தி தெரியாத வேலு நாயக்கருக்காகப் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பாரே, அந்த ஐயர் மாதிரி ஆட்களை நான் ஒவ்வொரு யூனிட்டிலும் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த பையனுக்கும் அதிகாரிக்கும் நடுவில் நின்று பேசுகிற ஒரு மூத்த தமிழர் எங்கேயும் இருப்பார்.

அவர் உடலுக்கு விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தி, படையின் கொடியைப் போர்த்தியதைச் செய்தியில் பார்த்தேன். படையை விட்டு வந்து ஐம்பது வருஷம் ஆகியும் மறக்கவில்லை. நான் வீட்டில் எழுந்து நின்று சல்யூட் அடித்தேன்.

*

ஐயாவுக்கு என் வணக்கம்.

எல்லோரும் ஐயர் வேஷத்தையே சொல்கிறீர்கள். 'பசி' பார்க்கவில்லையா? 1979, துரை இயக்கியது. ஷோபா குப்பை பொறுக்கும் பெண்ணாக நடித்து தேசிய விருது வாங்கினார். இவர் அவருடைய அப்பா, ரிக்‌ஷாக்காரர் முனியாண்டி. அதற்காக இவருக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

என் தாத்தா சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவர். ரிக்‌ஷா ஓட்டுகிறவர் நடப்பது வேறு மாதிரி இருக்கும். முழங்கால் முழுதாக நிமிராது. இறங்கியதும் முதல் இரண்டு அடி மிதிக்கிற மாதிரியேதான் வைப்பார்கள். தோளில் இருக்கிற துண்டால் முதலில் முகத்தைத் துடைக்க மாட்டார்கள், சவாரி உட்காரும் சீட்டைத்தான் துடைப்பார்கள். என் அம்மா இந்தப் படத்தை டிவியில் பார்த்துவிட்டுப் பாதியில் அடுப்படிக்குப் போய்விட்டார். "எங்கப்பாவையே பாத்த மாரி இருக்குதுடா" என்றார். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து டெல்லியிலிருந்து வந்தவர், சென்னைக் குடிசைத் தமிழை இந்த அளவுக்குப் பேசியிருக்கிறார். அம்மாவுக்கு அவர் கடைசி வரைக்கும் மணி ஐயர் இல்லை, முனியாண்டிதான்.

ஒரு வருத்தமும் உண்டு. 400 படங்களுக்கு மேல் நடித்தார் என்கிறோம். 'பசி' மாதிரி கனமான வேஷம் அதில் எத்தனை? முக்கால்வாசிப் படத்தில் இரண்டு காட்சி, மாப்பிள்ளை வீட்டாரிடம் கை கட்டி நிற்கிற அப்பா, இல்லையென்றால் ஆபீஸ் மேனேஜர். இவ்வளவு வைத்திருந்தவரிடம் இவ்வளவுதான் கேட்டார்களா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

*

இழையை ஆரம்பித்தவன் மறுபடி வருகிறேன். தாத்தா கதைகள் இரண்டையும் படித்து ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக எழுதிய தம்பியின் ஆத்திரம் நியாயம். பாதிதான் ஒப்புக்கொள்வேன். கிடைத்த வேஷம் சின்னது என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு காட்சியில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். போன மாதம் 'மைக்கேல் மதன காமராஜ'னை மறுபடி போட்டு, அவர் இருக்கும் காட்சிகளில் பேசுகிறவரைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த வசனம் தன்னுடையது என்று காத்திருக்கிற கண் இல்லை அது. எதிரில் இருப்பவர் பொய் சொல்லும்போது புருவம் லேசாகச் சுருங்குகிறது, சந்தேகம் தீர்ந்ததும் விரிகிறது. நமக்குச் சிரிப்பு வருவது கமலைப் பார்த்து. அந்தச் சிரிப்புக்கு வழி போட்டு வைத்தவர் பக்கத்தில் நிற்கிற இவர். அதே கமலின் இன்னொரு படத்தில், ஒரே வருஷம் முன்னால், 'அபூர்வ சகோதரர்க'ளில் நாலு வில்லன்களில் ஒருவராக வந்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று சட்டென்று தோன்றாது.

கடைசிக் காலத்தில் புதுப் பையன்கள் எடுக்கும் குறும்படங்களிலும் நடித்தார். நான் பார்த்த சிலவற்றில் கேமரா ஆடும், சத்தம் சரியாக இருக்காது, கூட நடிக்கிறவர்களுக்கு அது முதல் படமாக இருக்கும். அவர் மட்டும் பெரிய படத்தில் எப்படி நின்றாரோ அப்படியேதான் நிற்பார்.

போன வாரம் அத்தை வீட்டுக்குப் போனோம். இப்போது நாலு வழிச் சாலை, வல்லநாடு வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தட்டி எழுப்பினேன். கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "யார் ஊரு?" என்றாள். சொன்னேன். "அந்தச் சாம்பார் தாத்தாவா?" என்று கேட்டுவிட்டு, மலை மறைகிற வரைக்கும் ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.