பிரஷர் பார்க்கப் போன வீட்டில் யாரிடம் முதலில் கேட்பது?

கேள்வி (தன்னார்வலர், வலங்கைமான் பக்கம்):

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறேன். ஒரு வீடு மூன்று மாதமாக மனதை அரிக்கிறது.

மாமியாருக்குச் சுகர் இறங்கவே இல்லை. மாத்திரையை ஒரு வேளைதான் போடுகிறார். ஏன் என்று கேட்டால், "சோறே ஒரு வேளைதானே" என்கிறார். முதியோர் பணம் 1,200 ரூபாய் வருகிறது, ஆனால் ஏ.டி.எம். கார்டு மகனிடம். மருமகளின் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வரும் கார்டும் அவரிடம்தான். அந்தப் பெண்ணின் முழங்கைக்கு மேல் நீலம் பாரித்திருந்தது. "வரப்புல வழுக்கிடுச்சுக்கா" என்றாள். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, வயல் வெடித்துக் கிடக்கிறது. எங்கே வழுக்கியிருக்கும்? இரண்டாம் வகுப்புப் பையன் பைக் சத்தம் கேட்டதும் திண்ணையிலிருந்து எழுந்து குதிருக்குப் பின்னால் போய் நிற்கிறான்.

அதே மாமியார் மருமகளை வாய்க்கு வந்தபடி ஏசுவதையும் என் காதால் கேட்டேன்.

போன மாதம் ஒரு தப்புச் செய்துவிட்டேன். மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே, "வீட்டுக்காரர் அடிக்கிறாரா?" என்று கேட்டேன். "இல்லக்கா" என்றாள். அப்புறம் நான் போனாலே உள்ளே போய்விடுகிறாள். இனி எப்படிக் கேட்பது?

பதில் 1 (ஓய்வு பெற்ற கிராம செவிலியர், மன்னார்குடி):

அடிக்கிறாரா என்று கேட்காதேம்மா. கன்னத்தில் அறைவதை அடி என்றே நம் பெண்கள் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஹிட்ஸ் என்று நாலு கேள்வி உண்டு: காயப்படுத்துவது, இழிவாகப் பேசுவது, மிரட்டுவது, கத்தித் திட்டுவது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 10-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். ஆனால் அதில் காசு இல்லை, சோறு இல்லை, படுக்கையறை இல்லை. அதனால் "செலவுக்குக் கையில காசு இருக்கா? வேண்டாம்னு சொன்னா விடுவாரா?" என்பதையும் சேர்த்துக் கேட்பேன். கழுத்தை நெரித்தாரா என்று கேட்க மறக்காதே. ஆமாம் என்றால் உயிருக்கே ஆபத்து, அன்றே ஏற்பாடு செய்.

மூன்று பேரிடமும் தனித்தனியாகப் பேசு. மாமியார் திட்டுகிறார் என்பதற்காக அவர் பட்டினியை விட்டுவிடாதே. பதிலை உன் நோட்டில் எழுதாதே, அந்த நோட்டு எல்லார் கண்ணிலும் படும்.

பதில் 2 (வழக்கறிஞர், கும்பகோணம்):

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் அடி, பாலியல் கொடுமை, வசை, பணத்தை முடக்குவது எல்லாமே வன்முறைதான். மருமகள் மட்டுமல்ல, மகன் மேல் அந்தத் தாயும் மனுக் கொடுக்கலாம். மாமியார் செய்வதற்கு மாமியார் மேலும் கொடுக்க முடியும். போலீஸுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால் அவரே அறிக்கை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். வீடு கணவர் பேரில் இருந்தாலும் அவர் நினைத்தபடி அவளை வெளியே தள்ள முடியாது, இதை அவளிடம் முதலில் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181-க்கு எந்நேரமும் பேசலாம். பையனுக்கு 1098, பாட்டிக்கு 14567. ஆனால் அந்தப் பெண் சம்மதிக்காமல் அவளுக்காக நீங்கள் மனுப் போட்டுவிடாதீர்கள். அடுத்த அடி அவளுக்குத்தான் விழும்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி. வியாழக்கிழமை, பிரஷர் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லி அவளைத் துணை சுகாதார நிலையத்துக்கு வரவைத்தேன். "நான் போற எல்லா வீட்லயும் இதைக் கேட்கிறேன்" என்று ஆரம்பித்தேன். மூன்றாவது கேள்விக்கே அழுதுவிட்டாள். கழுத்தை நெரித்ததில்லை என்றாள். 181-ஐ எழுதித் தரவா என்றதற்கு, "வேண்டாம்க்கா, மூணு நம்பர்தானே" என்று வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பாட்டியிடம் பேச அடுத்த வாரம் போகிறேன், மகன் நெல் மூட்டை ஏற்றப் போகும் நாளில்.