லிவிங் வில்லில் கையெழுத்து: சாட்சிக்கு யாரை அழைத்தீர்கள்?

நாமே பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம்தான் லிவிங் வில். அதைப் பற்றித் தங்கள் அனுபவத்தை மூவர் இங்கே சொல்கிறார்கள்.

கணக்கு வாத்தியார் வீடு:

என் பெரியப்பாவுக்கு 78 வயது. இதய அறுவைச் சிகிச்சைக்கு முன்பே லிவிங் வில் எழுதிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மீள வழியில்லாத நிலை வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம், குழாய் வழியே உணவு வேண்டாம், வலியைத் தணிக்கும் மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது. அவருடைய விருப்பம் இவ்வளவுதான். எழுதி முடிப்பது எளிதாக இருந்தது. கையெழுத்து என்று வந்தபோதுதான் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்றார் ஒருவர். முத்திரைத்தாள் வாங்கச் சொன்னார் இன்னொருவர். மாஜிஸ்திரேட்டிடம் போகாமல் செல்லாது என்று சத்தியமே செய்தார் சித்தப்பா.

சித்தப்பா சொன்னது ஒரு காலத்தில் உண்மைதான். 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு லிவிங் வில்லுக்கு வழி திறந்தபோது, முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்) மேலொப்பம் வேண்டும் என்று சொல்லியிருந்தது. 2023 ஜனவரி 24-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் பெற வேண்டும். நெறிமுறைகளில் முத்திரைத்தாளைப் பற்றிப் பேச்சே இல்லை. உங்களுக்குக் கிடைத்த மாதிரிப் படிவத்தில் நடுவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தால், அது பழைய படிவம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெரியப்பாவின் மகனான அண்ணன், தானே சாட்சியாக இருப்பதாகச் சொன்னார். வழக்கறிஞர் தடுத்துவிட்டார். "நாளைக்கு டாக்டரிடம் அப்பாவுக்காகப் பேசப் போகிறவர் நீங்கள். சாட்சியும் நீங்களே என்றால் உங்கள் தங்கை கேள்வி கேட்க மாட்டாரா?" என்றார். சாட்சிகள் கூடியவரை சார்பற்றவர்களாக இருக்க வேண்டும் என்றுதான் நீதிமன்றமும் சொல்கிறது. மாடியில் குடியிருப்பவரையும், பெரியப்பாவின் பழைய மாணவர் ஒருவரையும் அழைத்தோம். பெரியப்பா முதலில் சொன்ன பெயர் அவர் வயதுத் தோழருடையது. சாட்சி நாளைக்கும் இருக்க வேண்டுமே என்று நான் இழுத்ததும் அவரே சிரித்துவிட்டார்.

நோட்டரி அம்மா கெட்டிக்காரர். எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சாட்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறார். "முப்பது வருடம் பாடம் நடத்தியவனிடம் ஒப்பிக்கச் சொல்கிறீர்களா?" என்று பெரியப்பா சீறியது வெளியே எங்களுக்கே கேட்டது. ஆனாலும் சொன்னார். வற்புறுத்தல் இல்லை, விளைவு புரிந்தே கையெழுத்திடுகிறார் என்று நோட்டரி எழுதித் தர வேண்டும். கேட்காமல் எப்படி எழுதுவார்? பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் பெரியப்பா, அடுத்து சாட்சிகள், கடைசியில் முத்திரை. எல்லாம் ஒரே இருப்பில் முடிந்தது.

ஐசியூ செவிலியர்:

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு முதியவரைக் கொண்டுவந்தார்கள். ஆவணம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்ததாம். ஆனால் பீரோவில் இருந்தது, சாவி வெளியூரில் இருந்த மகளிடம். டாக்டர்கள் வாய்வார்த்தையை எப்படி நம்புவார்கள்? காகிதம் வந்தாலும் அது உண்மையானதுதானா என்று சரிபார்க்க வேண்டும். பிறகு சிகிச்சையை நிறுத்தலாமா என்று பார்க்க, சிகிச்சை அளிக்கும் மருத்துவரும், ஐந்தாண்டு அனுபவமுள்ள குறைந்தது இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல் மருத்துவக் குழு, அதற்கு மேல் இரண்டாவது குழு. இரண்டும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அதன்பின் நீதித்துறை நடுவருக்கும் தகவல் போக வேண்டும். ஆகவே கையெழுத்திட்ட கையோடு, ஆவணத்தில் குறிப்பிட்ட உறவினர்களிடமும் குடும்ப மருத்துவரிடமும் நகல் கொடுத்துவிடுங்கள். உங்களுக்காக முடிவு சொல்லப் போகிறவர் என்று ஒருவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். 2023 திருத்தம் ஒருவருக்கு மேற்பட்டவரைக் குறிப்பிட இடம் தருகிறது.

இன்னொன்று. இதைக் கருணைக்கொலைக்கு அனுமதிச் சீட்டு என்று நினைத்து எங்களிடம் ஊசி கேட்ட உறவினர்களும் உண்டு. சிகிச்சையை நிறுத்துவது வேறு, உயிரைப் போக்க மருந்து கொடுப்பது வேறு. பின்னது இந்தியாவில் குற்றம்.

பெருவிரல்:

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது, புத்தி தெளிவு. தெரிந்தவர் மூலம் கிடைத்த நோட்டரி ஒருவர், "ஆதார் நகலைக் கொடுத்து அனுப்புங்கள், முத்திரை போட்டு வைக்கிறேன்" என்றார். ஆளைப் பார்க்காமல் போட்ட முத்திரையால் யாருக்கு என்ன பயன்? வேறு ஒருவரை வீட்டுக்கே வரவழைத்தோம். அவர் ஆவணம் முழுவதையும் சாட்சிகள் முன் உரக்கப் படித்துக் காட்டி, அப்பா இடது பெருவிரல் ரேகை வைத்ததும், படித்துக் காட்டியதையும் அப்பா ஒப்புக்கொண்டதையும் கீழே எழுதினார். அன்றைக்கே எடுத்த மருத்துவர் சான்றையும் இணைத்துக்கொண்டோம். அது கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் சந்தேகப் பேர்வழிகள் அதிகம்.

கணக்கு வாத்தியார் வீடு:

செவிலியர் சொன்ன நகல் விஷயத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு நகல் கொடுக்க வேண்டும். அதைப் பாதுகாக்க ஓர் அலுவலரை அவர்கள் நியமிக்க வேண்டும். நாங்கள் போன அலுவலகத்தில் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. சொத்து வரிப் பிரிவுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து பிறப்பு இறப்புப் பிரிவுக்கு. "இன்னும் இறக்கவில்லையே" என்று பெரியப்பா அங்கேயே கேட்டுவிட்டார். கடைசியில் தீர்ப்பின் நகலை முன்னால் வைத்து, ஒரு முகப்புக் கடிதத்தோடு தபால் பிரிவில் கொடுத்து, தேதி முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொண்டோம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். வென்டிலேட்டர் பத்தியை மாற்ற வேண்டும் என்று பெரியப்பா இப்போதே பேச ஆரம்பித்திருக்கிறார். புதிதாக எழுதினால் மறுபடியும் அதே சாட்சிகள், அதே நோட்டரி அம்மா. மாடி வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.