72 வயது அம்மாவுடன் தரங்கம்பாடியில் இரண்டு இரவுகள்: ஆலோசனை வேண்டும்

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். அப்பா காலமான பின் இரண்டு ஆண்டுகளாக என் அம்மா சென்னையை விட்டு எங்கும் வரவில்லை. சென்ற வாரம் பேச்சோடு பேச்சாக, கூட்டமில்லாத ஒரு கடற்கரையில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்போல் இருக்கிறது என்றார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, வயது 72. மூட்டுவலி உண்டு என்றாலும் சமதளத்தில் கால் மணி நேரம் மெதுவாக நடப்பார், படிகள்தாம் சிரமம். பொங்கல் முடிந்து, சனவரி இறுதியில் தரங்கம்பாடியில் இரண்டு இரவுகள் தங்கலாம் என்று எண்ணுகிறேன். அவ்வளவு தூரம் போய்விட்டுத் திருக்கடையூர், பூம்புகார், நாகூர், வேளாங்கண்ணி எல்லாவற்றையும் பார்க்காமல் திரும்பலாமா என்று அண்ணன் கேட்கிறார். சென்று வந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

மறுமொழி 1:

அண்ணன் சொல்லும் பட்டியலைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நானும் என் தந்தையை அப்படித்தான் ஊர் ஊராக அழைத்துச் சென்றேன். இரண்டாம் நாள் மாலையில் அவர் காரை விட்டு இறங்கவே மறுத்துவிட்டார். தரங்கம்பாடி ஒன்றே போதும், ஏனெனில் பழைய நகரம் மிகச் சிறியது. 1792இல் கட்டப்பட்ட நுழைவாயிலைக் கடந்தால் நேராகக் கடலுக்குப் போகும் ஒரே தெரு. அதன் ஓரத்திலேயே 1718இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயமும், கடலோரத்தில் டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய டேன்சுபோர்க் கோட்டையும் இருக்கின்றன. கோட்டையின் மேல்தளத்துக்குப் படியேற வேண்டும் என்பதால் அதை அம்மாவின் விருப்பத்துக்கு விடுங்கள்.

தமிழாசிரியை என்றீர்களே, 1706இல் இங்கே வந்திறங்கிய செருமானிய கிறித்தவப் போதகர் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது இவ்வூரில்தான். அந்தத் தெருவில் நடக்கும்போது அம்மாவே உங்களுக்குப் பாடம் எடுப்பார்!

கரையில் 1306இல் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. விடியற்காலையில் அங்கே சூரிய உதயத்தைக் காண்பதற்கு மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். மணலில் உட்கார்ந்து எழுவது மூட்டுவலிக்காரர்களுக்குப் பெரும் துன்பம். அலை வலுவாக இருக்கும், ஆகவே கால் நனைக்கவும் கையைப் பிடித்துக்கொண்டே அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 2:

சென்னையிலிருந்து காரில் போவதைவிட, பகலில் ஓடும் சோழன் விரைவு ரயிலில் மயிலாடுதுறை வரை செல்வது நல்லது. ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணம்தான், முன்பதிவின்போது மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டைக் கேளுங்கள். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி சுமார் 30 கிலோமீட்டர். வாடகைக் கார் கிடைக்கும். தங்குமிடத்தில் தரைத்தள அறையும், மேற்கத்தியக் கழிப்பறையும் உண்டா என்று தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்த பிறகே பணம் கட்டுங்கள். மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

திருக்கடையூர் பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அபிராமி சந்நிதிக்கு மட்டும் ஒருமுறை போய்வாருங்கள். தை மாதத்து முகூர்த்த நாள்களில் காலைக் கூட்டம் தாங்காது என்பதால் மாலையில் செல்லுங்கள்.

மறுமொழி 3:

மேலே சொன்னவருடன் ஒரு செய்தியில் மட்டும் மாறுபடுகிறேன். திருக்கடையூரில் எந்நாளும் அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் நடந்துகொண்டே இருக்கும். மாலையும் கழுத்துமாக வயதான தம்பதியர் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். கணவரை இழந்த என் அம்மாவை யோசிக்காமல் அங்கே அழைத்துச் சென்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றிரவு சாப்பிடவில்லை. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் உங்கள் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். நல்லதென்று நினைத்து நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசி மறுமொழியைப் படித்தவுடன் அம்மாவிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கள் அறுபதாம் கல்யாணம் அங்கேதானே நடந்தது, அந்த மண்டபத்தைப் பார்க்க வேண்டும், ஆனால் கூட்டமில்லாத நேரத்தில் கூட்டிப்போ" என்றார். ஆகவே இரண்டாம் நாள் மாலை அரை மணி நேரம் திருக்கடையூர். மற்ற நேரமெல்லாம் கடற்கரைதான். பூம்புகாரை அண்ணன் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளட்டும். தரைத்தள அறை கிடைத்துவிட்டது. மடக்கு நாற்காலி வாங்க நாளை கடைக்குப் போகிறேன். கைப்பிடி உள்ளதாகப் பார்த்து வாங்கு என்று அம்மாவே சொல்லிவிட்டார்.